பனங்காமத்து மாப்பாணர்



மாங்குளத்தில் பஸ் ஏறி மல்லாவி வழியாகத் துணுக்காய்க்கு வந்து சேர்ந்தேன். வீதியோரம் வயல், இடையிடையே பனங்கூடல், அதற்கப்பால் காடு. பனங்காமம் இங்கிருந்து அதிக தூரமில்லை.

உரோமச் சாமானியர் குடும்பங்களின் பெயர்களைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். போர்சியருக்குப் பன்றியும் சிசரோவுக்குக் கடலையும் பெயர் கொடுத்தன என்று படித்தபோது எனக்குப் பனங்காமத்து மாப்பாணர் குடும்பந்தான் நினைவுக்கு வந்தது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகும் பல வருடம் அவர்கள் முன்னால் போய் நிற்க மறுத்த கயிலாய வன்னியன் இந்த ஊர்க்காரன். ஒல்லாந்தர் அவனிடம் திறையாகக் கேட்டது யானை. 1697இல் ஒல்லாந்தத் தளபதி சுவார்டேக்ரூன் எழுதிவைத்த குறிப்பில் தொன் பிலிப் நல்லமாப்பாணன் என்றொரு பனங்காமத்து வன்னியன் வருகிறான். ‘தொன் பிலிப்’ போர்த்துக்கேயரோடு வந்த ஞானஸ்நானப் பெயர். நல்லமாப்பாணன் வீட்டுப் பெயர். வன்னியன் என்பது பதவி. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1734இல் திரும்பக் கட்டியவரும் ஒரு மாப்பாண முதலியார்தான். இரண்டு வீட்டுக்கும் உறவு உண்டா என்று அறிய எனக்குத் தீராத ஆசை.

வன்னியன் என்ற பெயருக்கு மூன்று கதை சொல்கிறார்கள். வனத்தை ஆண்டதால் வந்தது என்பார் சிலர், நெருப்பிலே பிறந்த குலம் என்பார் சிலர், வன்னி மரத்தைக் காட்டுவாரும் உண்டு. மதுரையிலிருந்து வந்த குடிகள் என்று வையாபாடல் என்ற பழைய நூல் பாடுகிறது. ஆனால் தெற்கே நுவரகலாவியப் பகுதியில் சிங்களத் தலைவர்களும் ‘வன்னியா’ என்றே பட்டம் சூடினார்கள். ஆகவே இது இரத்தத்தின் பெயராய்த் தொடங்கவில்லை, காட்டுநாட்டை ஆளும் பதவியின் பெயர் பிறகு குடும்பத்தில் ஒட்டிக்கொண்டது என்றே நான் நம்புகிறேன்.

1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னியத் தலைவன் பண்டாரவன்னியனை ஆங்கிலேயர் ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்கடித்தார்கள். அத்தோடு வன்னியர் ஆட்சி ஓய்ந்தது. அவனுக்குச் சிலை இருக்கிறது, பாடசாலைப் பிள்ளைகளும் அவனை அறிவார்கள். பனங்காமத்து மாப்பாணரைப் பற்றியோ யாரும் பேசுவதில்லை. போர்க்கால இடம்பெயர்வுகளில் இந்தப் பக்கத்துச் சனத்தின் பெட்டிகளோடு பழைய காணி உறுதிகளும் போய்விட்டன. 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவர்களிடம் மிஞ்சியிருப்பது வாய்ச்சொல் மட்டுமே.

உங்கள் வீட்டுப் பழைய உறுதிகளையும் தோம்பு என்ற ஒல்லாந்தர் கால நிலப்பதிவேட்டின் பிரதிகளையும் ஒருமுறை எடுத்துப் பார். மாப்பாணன் என்ற பெயர் எங்காவது வந்தால், வருடத்தையும் ஊரையும் குறித்து எனக்கு அனுப்பு.