ஏழு நாள் பாஸ்

திருவண்ணாமலைவாசிகளான நமக்கு ரயில் என்றால் விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே ஓடுவதுதான். அதற்குச் சீட்டு வாங்க யாதொரு யோசனையும் தேவையில்லை. ஆனால் 2024-ம் வருஷக் கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ஜப்பானுக்குப் போவதென்று தீர்மானித்தபோதுதான், சீட்டு வாங்குவது எவ்வளவு பெரிய சாஸ்திரம் என்பது நமக்கு விளங்கிற்று.

யாத்திரைக்குக் காரணம் நம் தாயார். அவருடைய தகப்பனார் மலேயா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதியவர். 1943-ல் நேதாஜியின் படையில் சேர்ந்தவர். 1945 ஆகஸ்டில் தைவானில் நேர்ந்த விமான விபத்துக்குப் பிறகு, நேதாஜியினுடையது என்று கருதப்படும் அஸ்தி டோக்கியோ நகரில் ரெங்கோஜி என்னும் புத்தர் கோவிலில் வைக்கப்பட்டிருக்கிறது. தம் தகப்பனாருக்காக அந்த வாசலில் ஒரு முறை நின்று கும்பிட வேண்டும் என்பது எழுபது கடந்த தாயாரின் ஆசை.

ஜப்பானில் அந்நிய யாத்ரிகர்களுக்கென்று ஒரு ரயில் பாஸ் உண்டு. அதை வாங்கிவிட்டால், மிகத் துரிதமான சில வண்டிகள் நீங்கலாக, தேசம் முழுவதும் ஜே.ஆர். ரயில்களில் தொடர்ந்து ஏழு நாள் ஏறி இறங்கலாம். முன்பே போய் வந்த நண்பர் ஒருவர், "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், ஸார்!" என்றார். நாமும் அட்லாஸை விரித்து, கியோத்தோ, ஹிரோஷிமா என்று பென்ஸிலால் கோடு இழுக்கத் தொடங்கினோம்.

பிறகுதான் நம்முள் இருந்த கணக்கு உபாத்தியாயர் விழித்துக்கொண்டார். நண்பர் போன காலத்தில் பாஸின் விலை 29,650 யென். 2023 அக்டோபரில் அது 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. பெரியவர் மூவருக்கு 1,50,000. பதினொரு வயதுப் பையனுக்கு அரை விலை 25,000. ஆக 1,75,000 யென். நம் பணத்தில் தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு மேல்! டோக்கியோவிலிருந்து கியோத்தோ போய்த் திரும்பத் தனிச் சீட்டு வாங்கினாலோ, பெரியவருக்குச் சுமார் 28,000 யென்தான். ஹிரோஷிமாவைச் சேர்த்தாலும் 45,000-ஐ ஒட்டித்தான் வரும். பாஸ் லாபப்பட வேண்டுமானால் இன்னும் சில ஊர்கள் ஓட வேண்டும்.

ஆயினும் பாஸின் மீதிருந்த மோகம் விடவில்லை. ஊர்களைச் சேர்த்துக்கொண்டே போனோம். ஏழு நாளில் எட்டு ஊர் என்று அட்டவணை தயாராயிற்று. அதைப் பார்த்த மனைவி, "பாஸ் நமக்கு உழைக்கப் போகிறதா, நாம் பாஸுக்கு உழைக்கப் போகிறோமா?" என்று கேட்டாள். நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தாயார் அதுவரை பேசாதிருந்தார். "ஏனப்பா, அந்தக் கோவிலுக்கு இந்தச் சீட்டுச் செல்லுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

படத்தைப் பார்த்தோம். ரெங்கோஜிக்கு அருகிலுள்ள ஹிகாஷி-கோயென்ஜி ஸ்டேஷன் நகரச் சுரங்க ரயிலைச் சேர்ந்தது. பாஸ் அங்கே செல்லாது! அதுமட்டுமல்ல, எட்டு ஊர் அட்டவணையில் ரெங்கோஜிக்கென்று கடைசி நாளில் ஒரு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தோம். யாருக்காகப் புறப்பட்டோமோ அவரையே மறந்துவிட்டோம். வெட்கத்துடன் அட்டவணையைக் கிழித்துப் போட்டோம்.

டோக்கியோவும் கியோத்தோவும் போதுமென்று தனிச் சீட்டுகளே வாங்கினோம். போய்ச் சேர்ந்த மறுநாளே ஷின்ஜுகு ஸ்டேஷனிலிருந்து சுரங்க ரயில் ஏறினோம். பெரியவருக்குச் சீட்டு 200 யென்கூட இல்லை. கோவில் முற்றத்தில் நேதாஜியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அதன் முன் தாயார் அண்ணாமலையார் விபூதிப் பொட்டலத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு வெகு நேரம் நின்றார். 1957-ல் நேரு வந்து வணங்கிய இடம் இது என்று சொல்ல வாயெடுத்தோம். அவர் கண்கள் மூடியிருந்தன, சொல்லவில்லை. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவுமில்லை.

நம் ஊர்க் கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். அதை ஓடிக் கடப்பவருக்கு அதிகப் புண்ணியம் என்று எவரும் சொன்னதில்லை. இவ்வளவு காலம் அதைச் சுற்றியும் இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே! பாஸ் வாங்க எண்ணும் நேயர்கள், போகவேண்டிய இடங்களை முதலில் எழுதிக்கொண்டு விலையைப் பிறகு கூட்டிப் பார்க்கட்டும். நாம் கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். நல்ல வேளையாகத் தாயார் திருத்தினார்.