பரண் எங்கே நிற்க வேண்டும்?

எமது கல்லூரியின் பழைய மாணவருட் சிலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் தரவு நிலையங்களிற் கடமையாற்றுகின்றனர். எண்ணிறந்த கணினிகள் இரவு பகலாக இயங்கும் மண்டபமே தரவு நிலையம். வங்கிக் கணக்கும் வைத்தியசாலைப் பதிவும் அத்தகைய இடங்களிலேதான் உறைகின்றன. அக்கணினிகளின் வெப்பம், மின்சாரம், வேலைப்பளு ஆகியவற்றை நோக்கியிருப்பதற்கென்றே வேறு சில சேவையகங்களை வைப்பர். அக்காவற் சேவையகங்களை எங்கெங்கே நிறுத்துவது, எவ்வழியாக இணைப்பது என்பதே நாம் ஈண்டு எழுதப் புகுந்த பொருள்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று வினவுவார்க்கு விடையுண்டு. கண்காணிப்பு என்பது எமது சொல். மலையகத் தோட்டங்களிலே தொழிலாளரை மேற்பார்த்தவன் கங்காணி; சில்லறைக் கங்காணிகளுக்கு மேலே பெரிய கங்காணி இருந்தான். காவலனைக் காப்பவன் யார் என்னும் வினா கணினியோடு பிறந்ததன்று.

படுவான்கரையில் வேளாண்மை செய்வோர் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி இராக்காவல் இருப்பர். யானை வரும் தடத்திலே எவரும் பரண் கட்டுவதில்லை. ஒதுங்கி நிற்கும் உறுதியான மரத்திலே கட்டுவர். யானை புகுந்தால் வயல் அழியினும் பரண் அழியலாகாது. அன்றியும், ஒரு பரணிலிருப்பவன் கொடுக்கும் குரல் அடுத்த பரணுக்குக் கேட்கவேண்டும். குரல் கேளாதாயின் அதுவே செய்தி. காவற் சேவையகங்களும் குறித்த இடைவெளியில் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொள்கின்றன.

இவ்வெளிய முறை பெருநிறுவனங்களுக்கும் கைகொடாத நாள்கள் உண்டு. 2021 ஒக்டோபர் 4ஆந் திகதி, பராமரிப்பின்போது இடப்பட்ட கட்டளை ஒன்றினால் முகநூல் நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைத்த முதுகெலும்பு வலையமைப்பு முழுவதும் அறுந்தது. பிழையான கட்டளையைத் தடுக்கவேண்டிய கருவியும் தன் குறைபாட்டினால் தடுக்கவில்லை. பழுதை ஆராய்வதற்குப் பொறியியலாளர் வைத்திருந்த கருவிகளும் அதே வலையமைப்பையும் பெயர்ச்சேவையையும் நம்பியிருந்தமையால் அவையும் உடன் செயலிழந்தன. ஈற்றில் ஆட்களை நேரிலே அனுப்ப வேண்டியதாயிற்று. சீர்செய்ய ஏறத்தாழ ஆறு மணி நேரம் சென்றது. அதே ஆண்டு டிசெம்பர் 7ஆந் திகதி அமேசன் நிறுவனத்தின் வட வேர்ஜீனியா நிலையங்களில் உள் வலையமைப்பு நெரிசலுற்றபோது, நெரிசல் எங்கே என்று காட்டவேண்டிய கண்காணிப்புத் தரவும் அந்நெரிசலிலேயே அகப்பட்டது. யானைத் தடத்திற் கட்டிய பரண் என்று இதனைச் சொல்வதில் தவறில்லை.

ஆகையால், காவலுக்குத் தனி வழி வேண்டும்: தனி ஆளி, தனிக் கம்பி, இயலுமாயின் தனி மின்சாரம். இரண்டு வழி போட்டுவிட்டோம் என்று மகிழ்வாரும் உளர். அவர்களைக் கல்லடிக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். 1924இல் அமைந்த மானிங் சீமாட்டி பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் அங்கே அருகருகே நிற்கின்றன. வாகன நெரிசலுக்கு அவை இரண்டு பாலங்கள்; வாவி பெருகினால் ஒரே பாலம். இரண்டு கம்பிகளை ஒரே குழாயினூடாக இழுப்பதும் அவ்வாறானதே.

காவலர் எத்துணையர்? ஒருவர் போதார் என்பது வெளிப்படை. இருவராயின் வேறொரு சிக்கல். இடையிலுள்ள தொடர்பு அறுந்தால், ‘மற்றவன் இறந்தான், இனி நானே தலைவன்’ என இருவரும் எண்ணுவர். முரண்பட்ட கட்டளைகள் பிறக்கும். மூவராயின், இருவர் ஒத்த கருத்தே செல்லும், தனித்துப்போனவர் அடங்குவார். அம்மூவரும் ஒரே கூரையின் கீழ் இருத்தலும் ஆகாது. ஒருவரேனும் வேறு நகரில் இருந்து, வெளியார் கண்கொண்டு நோக்கவேண்டும். அன்றியும், நடுவிலுள்ள ஆளி ஒன்று பழுதானால் அதன் பின்னுள்ள நூறு கணினிகளும் மாண்டன என்று நூறு அபாயச் செய்திகள் எழும். எது எதனைச் சார்ந்தது என்பதை முன்பே எழுதி வைத்தால் மெய்யான செய்தி ஒன்றே வரும். நூறு செய்தியைக் கண்டவன் நூற்றோராவதைப் படிக்கமாட்டான்.

கண்டதை உரியவரிடம் சேர்க்கும் வழி இல்லையெனில் யாது நேரும் என்பதை எமது கரை அறியும். 2004 டிசெம்பர் 26 காலை 6.58 அளவிற் சுமாத்திரா அருகே நிலம் நடுங்கியது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் கால்மணி நேரத்துள் அந்நடுக்கத்தைக் கணித்துப் பசிபிக் நாடுகளுக்கு அறிவித்தது. இந்து சமுத்திர நாடுகளுக்கு அறிவிக்கும் ஏற்பாடு அன்று இருக்கவில்லை. அலை எமது கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நாவலடியில் அந்நேரம் ஒன்றும் அறியாமலே கழிந்தது.

பின்னர் எழுந்த அமைப்பைத் தரவு நிலையத்தார் கூர்ந்து நோக்குதல் நன்று. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் தனித்தனியே கணித்து இச்சமுத்திர நாடுகளுக்கு அறிவிக்கின்றன. இங்கே வளிமண்டலவியல் திணைக்களம் அதனைப் பெற, அனர்த்த முகாமைத்துவ நிலையம் கரையோரத்துக்குச் சேர்ப்பிக்கின்றது. 2012 ஏப்ரில் 11ஆந் திகதி சுமாத்திரா அருகே மீண்டும் 8.6 அளவிலான நடுக்கம் ஏற்பட்டபோது, எச்சரிக்கை கிடைத்துக் கரையோர மக்கள் உள்நிலம் நோக்கிச் சென்றனர். பேரலை வரவில்லை. வீணாக ஓடினோம் என்று முணுமுணுத்தவர்களும் இருந்திருப்பர். எம்மளவில் அவ்வோட்டத்தை வீண் என்று எண்ணவில்லை. 2009 முதல் இச்சமுத்திர நாடுகள் கூடி இடைக்கிடை ஒத்திகையும் நடத்திவருகின்றன. சேவையகம் காக்கும் எமது பழைய மாணவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும், முன்னறிவித்து, ஒரு காவற் சேவையகத்தின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, எஞ்சிய இரண்டும் எத்தனை நிமிடத்திற் குரல் எழுப்புகின்றன என்று மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்து வைப்பார்களாக.