படிப்புரையில் ஒரு கேமரா

எங்கள் வீட்டில் 2018 பிப்ரவரியில் நான்கு கேமராக்கள் பொருத்தினேன். அடுத்த ஓராண்டில் அவை எனக்குக் கற்றுத்தந்தவற்றில் பாதி மின்னியல். மீதிப் பாதியை எந்தத் துறையில் சேர்ப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. அதை எழுதிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அஞ்சுகிராமம் குமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரம். ஊரைத் தாண்டினால் நெல்லை மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம் தாலுகா தமிழகத்தோடு இணையும்வரை இது இரு வேறு ஆட்சிகளின் எல்லையாக இருந்தது. எல்லையோரத்துப் பழக்கமோ என்னவோ, எங்கள் தெருவுக்குள் நுழையும் அந்நிய முகம் எதுவும் "யாரு வீட்டுக்கு?" என்ற கேள்வியைச் சந்திக்காமல் நான்கு வீடுகளைக் கடந்துவிட முடியாது. கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் படிப்புரைகளில் அமர்ந்திருக்கும் பெண்கள். பிற ஊர்களில் திண்ணை என்பதை நாஞ்சில் நாட்டில் படிப்புரை என்போம். கீரை ஆய்வது, ஈர்க்கில் சீவி வாரியல் கட்டுவது, மருமகள்களைப் பற்றிப் பேசுவது எல்லாம் அங்கேதான் நடக்கும்.

அப்பா காலமான பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் புனேயில். அங்கே வந்துவிடு என்று நானும், இங்கே விட்டுவிடு என்று அவளும் சொல்லிச் சொல்லி, அந்தப் பேச்சு ஒரு சடங்காகவே ஆகிவிட்டிருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மூன்று நாட்கள் அம்மாவின் குரலைக் கேட்க முடியவில்லை. நான்காம் நாள், எங்கோ போய்க் கைபேசிக்கு மின்னேற்றி வந்த பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அழைத்து, "அம்மை நல்லா இருக்காவ அண்ணே" என்றான். அந்த மூன்று நாட்களின் பயம்தான் என்னைக் கேமராவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. மின்சாரம் போனால் கேமராவும் போய்விடும் என்ற எளிய உண்மை அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து வந்த தொழிலாளி ஒரே நாளில் வேலையை முடித்தார். வாசலுக்கு ஒன்று, படிப்புரைக்கு ஒன்று, அடுக்களைப் புறத்துக்கு ஒன்று, பின்னால் தென்னை விளைக்கு ஒன்று. நான்கின் காட்சிகளும் அப்பாவின் அலமாரிக்கு மேல் வைத்த டி.வி.ஆர். என்னும் பதிவுப் பெட்டிக்குள் போய்ச் சேரும். அதற்குள் 1 டி.பி. கொள்ளளவுள்ள வன்தட்டு. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 ஜி.பி.; நான்குக்கும் சேர்த்து 86. ஆக, 11 நாட்களில் தட்டு நிரம்பிவிடும். பிறகு பெட்டி தானாகவே பழைய நாளை அழித்து அதன்மேல் புதிய நாளை எழுதும். அதன் நினைவு எப்போதும் 11 நாட்கள்தான்.

பிணிகள் முதல் வாரத்திலேயே தொடங்கின. ஒருநாள் காலையில் பதிவைப் பார்த்தபோது, நள்ளிரவு 12.30க்கு அம்மா முற்றத்தில் நடந்துகொண்டிருந்தாள். மறுநாளும் அதே நேரம். தூக்கமில்லையா என்று பதறிப்போய்க் கேட்டால், "பத்து மணிக்குக் கதவடைச்சுட்டுக் கெடந்தேனே மக்களே" என்றாள். பெட்டி நேரத்தை இணையத்திலிருந்து பெற்றுக்கொண்டிருந்தது. ஆனால் நேர வலயம் தயாரித்த நாட்டுக்குரியதாகவே விடப்பட்டிருந்தது. சீனாவின் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அம்மா அஞ்சுகிராமத்தில் பெய்ஜிங் நேரப்படி நடமாடிக்கொண்டிருந்தாள். அமைப்புப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றியதும் அவளுடைய உறக்கமின்மை குணமாகிவிட்டது.

அடுத்து, படிப்புரைக் கேமரா பகலில் தெளிவாகவும் இரவில் வெறும் கறுப்பாகவும் இருந்தது. இருட்டியதும் கேமராவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். அப்போது அது கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். கம்பி மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால், பெட்டிக்கு அருகே 12 வோல்ட்டாகப் புறப்படுவது கேமராவைச் சேர்வதற்குள் குறைந்துபோகும். தொழிலாளி மீண்டும் வந்து, அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் படிப்புரை ஜன்னலுக்கு உட்புறம் இருந்த சுவிட்சிலிருந்தே தனி அடாப்டர் வைத்துக் கொடுத்தார். இந்தச் சுவிட்சை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பின்பு தொலைவிலிருந்து பார்ப்பதில் சிக்கல். பெட்டியை வெளியுலகிலிருந்து அடைய ரூட்டரில் ஒரு வாயிலைத் திறந்துவிடச் சொல்கின்றன பழைய கையேடுகள். அதற்கு நம் இணைப்புக்கென்று பொதுவான ஐ.பி. முகவரி ஒன்று வேண்டும். இப்போதோ இணையச் சேவை தருபவர்கள் பலர், நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்துவிடுகிறார்கள். எந்த வாயிலைத் திறந்தாலும் அது தெருவுக்குத் திறக்காது. கடைசியில், பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கட்டக் குறியைக் கைபேசியால் படித்து, தயாரிப்பாளரின் வழங்கியை நடுவராக வைத்துப் பார்க்கும் முறைக்கே வந்தேன். என் தாயைப் பார்க்க ஊர் தெரியாத ஒரு வழங்கியின் அனுமதி தேவைப்பட்டது.

கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் தொடக்கத்திலிருந்தே கவனமாக இருந்தேன். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத வீட்டுக் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே அந்தத் தாக்குதலை நடத்தியது. அதன் கையிலிருந்தது அறுபதுக்குச் சற்று மேற்பட்ட கடவுச்சொற்களின் பட்டியல் மட்டுமே. வீட்டைக் காக்க வாங்கிய பெட்டி, வீட்டுக்காரருக்குத் தெரியாமலேயே கூலிப்படையில் சேர்ந்திருந்தது.

ஆடிக்காற்று வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இறங்கும் அந்தக் காற்றில் விளையின் தென்னைகள் ஆடுவதையெல்லாம் அசைவு என்று எண்ணி, பெட்டி எனக்கு நாளுக்கு நூறு எச்சரிக்கைகள் அனுப்பியது. இரவில் விளக்கொளிக்குப் பூச்சிகள் வந்தன, பூச்சிகளுக்காகச் சிலந்தி வந்தது, சிலந்தி கண்ணாடிக்கு முன்னாலேயே வலை பின்னியது. ஒரு கட்டத்தில் சலித்துப்போய் எச்சரிக்கைகள் அனைத்தையும் அணைத்துவிட்டேன். அந்தச் செயலின் பொருள் பின்னால்தான் விளங்கியது.

இவையெல்லாம் தீர்க்கக்கூடிய பிணிகள். தீராத ஒன்று அந்த ஆண்டின் இறுதியில் வந்தது. படிப்புரைக் கேமரா மாலையில் நின்றுபோகிறது. சற்று நேரம் கழித்துத் தானே உயிர்பெறுகிறது. கடல் தொலைவில் இல்லை. உப்புக்காற்று பட்டு இணைப்பான்கள் பச்சை பூத்திருக்கும் என்றார் தொழிலாளி. இணைப்பானை மாற்றினார். பிறகு அடாப்டரை மாற்றினார். பிறகு கம்பியையே மாற்றினார். அம்மா அவருக்கு ஒவ்வொரு முறையும் காப்பி கொடுத்து உபசரித்தாளே தவிர, எதுவும் சொல்லவில்லை.

ஓர் இரவு புனேயிலிருந்தபடியே பெட்டியின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தேன். காட்சி அழிந்த பின்னும் இந்தப் பதிவேட்டில் வரிகள் தங்கியிருக்கும். 2ஆம் கேமரா, காட்சி இழப்பு, மாலை 4.02. மீட்பு, 6.05. மறுநாள் 3.58, 6.01. அதற்கு மறுநாள் 4.05, 6.03. வாரக்கணக்கில் அப்படியே. துருவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. இது மனிதக் கை.

2019 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மாலை நான்கு மணிக்கு அம்மா எழுந்தாள்; ஜன்னலுக்குள் கைவிட்டுச் சுவிட்சை அணைத்தாள். ஐந்து நிமிடத்தில் எதிர்வீட்டு அத்தை முறத்தோடு வந்தாள். பின்னாலேயே கிழக்கு வீட்டிலிருந்து ஒருவர், முடுக்கு வீட்டிலிருந்து ஒருவர். படிப்புரை நிறைந்தது. ஆறு மணிக்கு அவர்கள் எழுந்து போனபின், விளக்கேற்றக் கிளம்பிய அம்மா போகிற வழியில் சுவிட்சைப் போட்டாள்.

"அது கண்ணு முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்குல்லா மக்களே. அது பாக்கும்போ ஆரு வந்து இருந்து பேசுவா?" என்றாள் நான் கேட்டபோது.

"யம்மா, அதுல மைக் கிடையாது. பேசுறது யாருக்கும் கேக்காது."

"ஒனக்குத் தெரியும். அவியளுக்கு அது எப்படித் தெரியும்?"

கேமரா வந்த நாளிலிருந்து ஒவ்வொருவராக வருவதை நிறுத்தியிருக்கிறார்கள். சில மாதங்கள் அம்மா படிப்புரையில் தனியாக அமர்ந்திருந்திருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை கைபேசியில் கண்டு, அம்மா நலமாக இருக்கிறாள் என்று திருப்தியடைந்திருக்கிறேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ துட்டு செலவழிச்சு வச்சது. வேண்டாம்னா ஒனக்குச் சங்கடமா இருக்கும்லா. ரெண்டு மணிக்கூர்தானேன்னு அணைச்சேன்."

மறுநாள் எதிர்வீட்டு அத்தை வேறொன்றும் சொன்னாள். "கார்த்திகை மாசம் ஒனக்க அம்மை இந்த எடத்திலதான் கிறங்கி விழப் பாத்தா. நாங்க தாங்கிப் பிடிச்சு, சீனித்தண்ணி குடுத்து, ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒங்கிட்ட சொல்லலியா? வெளக்கு வைக்கதுக்குள்ள வந்துட்டோம். சுச்ச நாந்தான் போட்டேன்."

நான் பேச்சற்று இருந்தேன். படிப்புரைக் கேமரா அணைந்திருந்ததால்தான் அந்தப் பெண்கள் அங்கே இருந்தார்கள். அது எரிந்துகொண்டிருந்தால் அம்மா தனியாக விழுந்திருப்பாள். பெட்டி அதைப் பிசகில்லாமல் பதிந்திருக்கும். வாசல் கேமரா அந்த ஆட்டோவைக் கட்டாயம் பார்த்திருக்கும். எச்சரிக்கைகளை அணைத்து வைத்தவன் நான். 11 நாட்களில் அந்தக் காட்சியும் அழிந்துபோயிற்று.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. கேமராவுக்கு முன்பு எங்கள் தொலைபேசிப் பேச்சு இருபது நிமிடங்கள் நீளும். யார் வந்தார்கள், என்ன வாங்கினாள், எந்தத் தென்னை காய்த்தது என்று அம்மா சொல்லிக்கொண்டே போவாள். கேமராவுக்குப் பின் நானே முந்திக்கொண்டு, "இன்னைக்கு மீன்காரி வந்தாளே" என்பேன். சொல்வதற்கு அவளிடம் எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை. பேச்சு ஐந்து நிமிடமாகச் சுருங்கியிருந்தது.

புனே திரும்பியபின் இந்தக் கருவிகளின் வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். வீட்டுக் கண்காணிப்பு அமைப்புக்கு முன்னோடியாகக் கருதப்படும் காப்புரிமையை 1966இல் கோரியவர் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினச் செவிலி. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்தவர். அவரும் அவருடைய கணவரும் வேளைகெட்ட வேளைகளில் பணிக்குப் போகிறவர்கள். தனியாக இருக்கும் நேரத்தில் கதவு தட்டப்பட்டால் அச்சம். போலீஸ் வந்து சேரத் தாமதமாகும். கதவில் நான்கு துளைகள், அவற்றின் வழியே ஏறியிறங்கிப் பார்க்கும் ஒரு கேமரா, படுக்கையறையில் ஒரு திரை, பேச ஓர் ஒலிவாங்கி, கதவைத் திறக்க ஒரு பொத்தான். 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. அந்த அமைப்பில் வீட்டுக்குள் இருக்கும் பெண் வெளியே நிற்பவரைப் பார்த்தாள். நான் அதைத் தலைகீழாக்கியிருந்தேன். வெளியே இருக்கும் நான் உள்ளே இருக்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் ஒரு திரைகூட இல்லை.

அடுத்த விடுமுறையில் மூன்று மாற்றங்கள் செய்தேன். அடுக்களைப் புறத்துக் கேமராவைக் கழற்றினேன். படிப்புரைக் கேமராவை வாசல் பக்கமாகத் திருப்பி, திண்ணை விழும் பகுதியைப் பெட்டியிலேயே மறைத்தேன். அப்படி மறைக்கப் பெரும்பாலான பெட்டிகளில் ஒரு வசதி உண்டு. மறைத்த இடம் திரையில் கறுப்புச் சதுரமாகத் தெரியும், பதிவிலும் ஏறாது. பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைப் பதிவுப் பெட்டியோடு இணைத்து அம்மாவின் கட்டிலுக்கு எதிரே வைத்தேன். இரவில் நாய் குரைத்தால் அவளே பார்த்துக்கொள்கிறாள். பகலில் எதிர்வீட்டு அத்தையும் அவ்வப்போது வந்து, தெருவில் யார் போகிறார்கள் என்று பார்த்துப்போவதாகக் கேள்வி. படிப்புரைச் சுவிட்ச் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதை எல்லோருக்கும் உரிய விதியாகச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஆளில்லாத வீடுகளும், நோயில் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேமரா பெருந்துணை. நானும் அதை முழுவதும் எடுத்துவிடவில்லை. பார்க்கப்படுபவரிடம் கேட்டுவிட்டுப் பொருத்தியிருக்க வேண்டும் என்பதைத்தான் ஓராண்டு செலவழித்துக் கற்றேன்.

இப்போதும் மாலையில் சில நாட்கள் கைபேசியைத் திறப்பேன். வாசல் தெரியும், தெருவின் ஒரு துண்டு தெரியும், இடப்புறம் கறுப்புச் சதுரம். இரவு அழைக்கும்போது அம்மா கேட்பாள்: "இன்னைக்கு வாசலுக்கு ஆரு வந்தான்னு நீ பாத்தியா?"

"இல்லம்மா, பாக்கல. நீ சொல்லு" என்பேன்.