அப்பாவும் 36 பல்லும்

தஞ்சாவூரில் மேடு எங்கே என்று யாராவது கேட்டால் பெரிய கோயில் விமானத்தைத்தான் காட்ட வேண்டும். அவ்வளவு சமதரை. ஆனால் சைக்கிள் மிதிப்பவனுக்குத் தெரியும், இங்கே மேடு என்றால் பாலம். திருவையாறு போகிற வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. ஐந்து ஏற்றம். ஆடி மாசமானால் காற்று இலவச இணைப்பு!

திருவையாற்றில் அத்தை இருக்கிறாள். அப்பாவுக்கு 68 வயது. வாரம் இரண்டு தடவை தன் பழைய 28 இஞ்ச் சைக்கிளில் போய் தங்கையைப் பார்த்துவிட்டு வருவார். ஸ்கூட்டர் ஆகாது, பஸ் ஆகாது. முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்ததும் பாலங்களில் இறங்கித் தள்ளினார். அப்புறம் போவதையே குறைத்துக்கொண்டார். "அண்ணனுக்கு எம் மேல என்னடா கோபம்?" என்று அத்தை போனில் கேட்டபோதுதான் மோட்டார் வாங்குவதென்று முடிவு செய்தேன்.

250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்றால் லைசென்ஸும் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம். பெடல் அச்சிலேயே உட்காருகிற ரகம். கூடவே 48 பல் வைத்த செயின் வீல். விற்றவர், "பெரிய பல் சார், சும்மா பறக்கும்!" என்றார்.

பறக்கப்போவது யார் என்பதுதான் என் கவலை.

பி.காம். படித்தவனுக்கு வகுத்தல் வரும். பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். முன்னால் 48 போட்டால், பெடல் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 5.9 மீட்டர். 44-க்கு 5.4. 36-க்கு 4.4. சமதரையில் 48 ராஜா. ஆனால் பாலத்தில் மணிக்குப் பத்து கிலோமீட்டரில் ஏறும்போது, 48 பல் நிமிஷத்துக்கு 28 சுற்றுதான் சுற்றும். மோட்டாருக்கு மெதுவாகச் சுற்றுவது பிடிக்காது. மின்சாரத்தைச் சூடாக மாற்றிவிட்டு முனகும். அப்பாவின் முட்டியும் அதே ஜாதி. 36 பல் என்றால் அதே ஏற்றத்தில் 38 சுற்று. இருவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

(மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற ரகமாக இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. அங்கே செயின் வீலுக்கும் மோட்டாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. உங்கள் காலுக்குத் தோதாக இருந்தால் போதும்.)

உடனே நீங்களும் 36-க்குத் தாவிவிடாதீர்கள். ஒன்பதரைக்குள் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டிய ஆசாமி 25-ல் ஓட்டுவார். 36 பல்லில் அந்த வேகத்துக்கு நிமிஷத்துக்கு 95 சுற்று மிதிக்க வேண்டும். பார்க்கிறவர்கள் தையல் மிஷின் ஓட்டுகிறீர்கள் என்று நினைப்பார்கள். அவருக்கு 44 சரி, 77 சுற்றில் முடிந்துவிடும். அப்பாவோ நிமிஷத்துக்கு ஐம்பது சுற்றுக்கு மேல் மிதித்து நான் பார்த்ததில்லை. 36 பல்லில் அது 13 கிலோமீட்டர் வேகம். அவருடைய பழைய வேகமே அதுதான்!

சைக்கிள் கடைக்காரர் வேறு யோசனை சொன்னார். "முன்னால 48 இருக்கட்டும் தம்பி, பின்னால பல்லை ஏத்திடுவோம்."

கணக்குப்படி அதுவும் சரிதான். செயின் இழுவைகூடக் குறையும். ஆனால் 24 பல் ஃப்ரீவீல் அவரிடமும் இல்லை, கீழவாசலில் ஏறி இறங்கிய எனக்கும் கிடைக்கவில்லை. 36 பல் செயின் வீலைத் தனியாக வரவழைத்தேன். துருப்பிடித்த காட்டர்பின்னைச் சுத்தியலால் தட்டிக் கழற்றவே முக்கால் மணி நேரம். பல் குறைந்ததால் செயினிலும் ஆறு கண்ணி குறைத்தார்.

அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏண்டா, இது என்ன மிக்ஸியா?"

"மிதிச்சுப் பாருங்கப்பா."

வெண்ணாற்றுப் பாலம். நான் பின்னால் பைக்கில். ஏற்றம் தொடங்குகிற இடத்தில், பழக்கதோஷத்தில் இறங்குவதற்காக ஒரு காலைத் தூக்கிவிட்டார். வண்டி நிற்கவில்லை. காலை மறுபடி பெடலில் வைத்தார். மிதித்தார். உச்சியில் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்: "டேய், நீ ஏன் பின்னாலயே வர்றே? ஆபீஸ் போ!"

அன்று சாயங்காலம் ஆறரைக்குத்தான் திரும்பினார். அத்தை கொடுத்தனுப்பிய அசோகா அல்வா ஹேண்டில்பாரில் தொங்கியது. 48 பல் சக்கரத்தை அம்மா அடுப்பங்கரைக்கு எடுத்துப் போய்விட்டாள். சாம்பார் குண்டானுக்கு அதுதான் இப்போது பிரிமனை.