பதிவு வேலையாகும் இடம்

விற்பனை மென்பொருள் என்பது ஒரு நிறுவனத்துக்கு வரும் விலை விசாரணைகளையும், அவற்றுக்கு அனுப்பப்பட்ட விலைப்புள்ளிகளையும், அவை கொள்முதல் ஆணையாக முதிர்ந்தனவா கைநழுவினவா என்பதையும் வாடிக்கையாளர்வாரியாகக் காத்துவைக்கும் பேரேடு. பணிப்பட்டியல் செயலி என்பது ஒருவர் இன்று முடிக்க வேண்டியவற்றைக் கைப்பேசியில் வரிசையாகக் காட்டி, முடித்தவுடன் குறியிட்டு அகற்ற இடந்தரும் சிறு ஏடு. முன்னது நிறுவனத்தின் நினைவு, பின்னது வேலை செய்யும் ஆளின் நினைவு. ஒன்றில் நிகழும் மாற்றம் மற்றொன்றில் ஒரு செயலைத் தூண்டும்படி, நிரலை வரிவரியாக எழுதாமல், திரையில் கட்டங்களை அடுக்கிக் கோத்தே இணைப்பை உருவாக்கும் முறைக்குக் குறைநிரல் தானியக்கம் என்று பெயர். முதற்கட்டத்தைத் தூண்டல் என்றும், அதைத் தொடர்வதைச் செயல் என்றும், இடையில் நின்று எதை விடுவது எதை மறிப்பது என்று பார்ப்பதை வடிகட்டி என்றும் இத்தொழிலில் வழங்குவர். இவற்றுள் தூண்டலையும் செயலையும் அரை நாளில் கற்றுக்கொள்ள முடியும். வடிகட்டியைச் சரியாக அமைப்பதற்குத்தான் அந்த நிறுவனத்தின் வேலையை அறிந்திருக்க வேண்டும்.

குறைநிரல் என்ற சொல்லாட்சியை ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனம் 2014இல் வழக்குக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னரே, 2011இல், ஜேப்பியர் இவ்வகை இணைப்பைத் தொழிலாக்கியிருந்தது. தமிழ்நாட்டில் இதன் கதை சோஹோவோடு பிணைந்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய அந்நிறுவனம் 2005இல் விற்பனை மென்பொருளை வெளியிட்டு, 2009இல் சோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2018இல் சோஹோ ஃப்ளோ என்னும் இணைப்புக் கருவியையும் தந்தது. ஆதலால் இத்தொழிலின் கருவிகள் இங்குள்ளவர்களுக்குத் தொலைவிலிருந்து வந்தவை அல்ல.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்திலுள்ள நாகரசம்பட்டி பேரூராட்சியை எடுத்துக்கொண்டால், ஒருபுறம் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை அமைந்துள்ள போச்சம்பள்ளி சிப்காட்டும், வடமேற்கே அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகியவற்றை நம்பி எண்ணற்ற சிறு பட்டறைகள் வளர்ந்த ஓசூரும், அதையும் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளியும் இருக்கின்றன. இவ்வட்டாரத்தில் லேத்தும் ஒன்றிரண்டு சி.என்.சி. இயந்திரங்களும் வைத்து, பிறர் தரும் இரும்பைக் கடைந்துகொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை ஒன்றைக் கருதுக. விலைப்புள்ளி எழுதுபவரும், தொலைபேசியில் பேசுபவரும், மாலையில் வண்டி ஏற்றிவிடுபவரும் பெரும்பாலும் ஒருவரே. விற்பனைப் பதிவு கணினியில் இருக்கும். நாளை யாரை அழைக்க வேண்டும் என்பதோ சட்டைப்பையிலுள்ள துண்டுத்தாளில் இருக்கும். சட்டை துவைக்கப்போகும் நாளில் அந்த ஃபாலோ-அப்பும் சேர்ந்து போய்விடுகிறது. இணைப்பு ஈடுசெய்ய வேண்டியது இந்த இழப்பையே.

புதிதாக இணைப்பவர் பெரும்பாலும் செய்யும் பிழை, விற்பனைப் பதிவில் ஏற்படும் மாற்றம் ஒவ்வொன்றையும் ஒரு பணியாக மாற்றிவிடுவது. முகவரி திருத்தினாலும் பணி, தொகை மாற்றினாலும் பணி என்று பட்டியல் நிரம்பி, நாற்பது வரிகள் சேர்ந்த பின் அதைத் திறந்து பார்ப்பதையே ஆள் நிறுத்திவிடுகிறார். திறக்கப்படாத பட்டியல் இருப்பதைவிட அந்தத் துண்டுத்தாளே மேலானது. பதிவு எப்போது வேலையாகிறது என்ற கேள்விக்கு அனுபவம் தரும் விடை ஒன்றுதான்: அடுத்த அசைவு நம்முடையதாக இருக்கும்போது மட்டும். வாடிக்கையாளர் வரைபடத்தைப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒரு நிலை. அதில் பட்டறைக்கு வேலை எதுவும் இல்லை. விலைப்புள்ளி சென்று மூன்று வேலைநாள்கள் கழிந்தும் மறுமொழி வரவில்லை என்பதில்தான் வேலை பிறக்கிறது. அவ்வாறு பிறக்கும் பணியின் தலைப்பும் ஃபாலோ-அப் என்று மொட்டையாக நிற்காமல், யாரிடம், எதைப் பற்றி, என்ன செய்வது என்று வினையில் முடிய வேண்டும்: '200 புஷ் விலைப்புள்ளி பற்றி அத்திப்பள்ளி வாடிக்கையாளரை அழைத்துக் கேட்க' என்ற வரியைப் படித்தவருடைய விரல் நேரே அழைப்புப் பொத்தானுக்குப் போகும்.

எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கல் ஒன்று வாடிக்கையாளரை அடையாளம் காண்பதில் எழுகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் வட்டாரத்தில் ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாகப் பதிவாகிறது. தொலைபேசி எண் ஓரிடத்தில் +91 என்றும், இன்னோரிடத்தில் சுழியத்தோடும் தொடங்குகிறது. பெயரை வைத்துப் பொருத்தும் இணைப்பு அந்த ஒருவரையே மூவராகக் கொண்டு, ஒரே விசாரணைக்கு மூன்று பணிகளை எழுப்பிவிடும். இதற்கு ஜி.எஸ்.டி. பதிவெண்ணே நம்பத்தக்க சாவி. அதன் பதினைந்து இடங்களுள் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, அடுத்த பத்தும் அந்நிறுவனத்தின் பான் எண். ஓசூரில் ஒரு கிளையும் அத்திப்பள்ளியில் ஒரு கிளையும் உடைய வாடிக்கையாளருக்கு இரண்டு பதிவெண்கள் இருந்தாலும் இடையிலுள்ள பான் ஒன்றாகவே இருக்கும். ஆகவே முழு எண்ணைக் கொண்டு கிளையையும், நடுவிலுள்ள பத்து இடங்களைக் கொண்டு நிறுவனத்தையும் பொருத்தும்படி வடிகட்டியை அமைப்பது இவ்வட்டாரத்துக்கு ஏற்ற வழி.

அந்த முதல் இரண்டு இலக்கங்கள் பணியின் உள்ளடக்கத்தையே மாற்றக்கூடியவை. சரக்கோடு செல்ல வேண்டிய இ-வே பில் என்னும் மின்வழிச் சீட்டு, தமிழ்நாட்டுக்குள் செல்லும் சரக்குக்கு மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் தேவை. மாநில எல்லையைக் கடக்கும் சரக்குக்கோ 50,000 ரூபாயைத் தாண்டினாலே தேவை. ஜாப் ஒர்க்குக்காக ஒரு மாநிலத்திலுள்ள முதன்மையாளர், அதாவது சரக்கைத் தந்து வேலை வாங்குபவர், வேறு மாநிலத்துப் பட்டறைக்கு அனுப்பும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைவாயினும் அது வேண்டும். அதை முதன்மையாளரும் எடுக்கலாம், பதிவு பெற்ற பட்டறையாளரும் எடுக்கலாம். இருவரும் எடுக்கலாம் என்று விதி இடந்தரும் இடத்தில்தான் இருவரும் எடுக்காமல் விட்டு வண்டி சோதனையில் நிற்கிறது. ஆதலால் ஆணை உறுதியானவுடன், பதிவெண் 29 என்று தொடங்கி, வேலை ஜாப் ஒர்க் என்று குறிக்கப்பட்டிருந்தால், 'இ-வே பில் யார் எடுப்பது என்று இன்றே பேசி முடிக்க' என்ற பணியை எழுப்பும்படி இணைப்பில் பிரியும் ஒரே ஒரு கிளை, கண்ணைக் கவரும் பத்து அறிக்கைகளைவிடப் பட்டறைக்குப் பயன் தருகிறது. இணைப்பு வேலையின் நிறைவை இதைச் செய்பவர்கள் உணர்வது இத்தகைய சிறு கிளைகளில்தான்.

தேதியில் ஒளிந்திருக்கும் பிழை நெருங்கிப் பார்த்தால்தான் புலப்படும். இந்திய நேரம் உலகப் பொதுநேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் செல்வதால், 12ஆம் தேதி நள்ளிரவு என்று விற்பனை மென்பொருள் அனுப்புவது பொதுநேரத்தில் 11ஆம் தேதி மாலை 6.30 ஆகிவிடுகிறது. கூகுள் டாஸ்க்ஸ் போன்ற செயலி, இணைப்பு வழியாக வரும் கெடுவில் மணியை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொள்வதால், பணி ஒரு நாள் முன்னதாகவே 11ஆம் தேதியில் போய் அமர்கிறது. ஒரு நாள் முன்னதாக நினைவூட்டுவதில் தீங்கில்லை என்று சிலர் இதை விட்டுவிடுவர். ஆனால் தேதி தவறென்று ஒருமுறை கண்டவர் பிறகு எந்தத் தேதியையும் நம்புவதில்லை. நள்ளிரவுக்குப் பதிலாக நண்பகல் பன்னிரண்டு மணியை அனுப்பினால் அது பொதுநேரத்தில் காலை 6.30 ஆகி, அதே நாளில் நிற்கும்.

மீள்வழி, அதாவது பணியை முடித்துக் குறியிட்டதும் அச்செய்தி விற்பனைப் பதிவுக்குத் திரும்புவது, இன்னும் கவனத்தைக் கோருகிறது. முடிந்த குறி பதிவைத் திருத்த, திருத்தம் தூண்டலாகி மீண்டும் ஒரு பணியை எழுப்ப, இரவு முழுவதும் இரண்டு மென்பொருள்களும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டிருக்கக்கூடும். உருவான பணியின் எண்ணை விற்பனைப் பதிவிலேயே ஒரு புலத்தில் எழுதிவைத்து, எண் இருந்தால் புதுப்பிக்கவும் இல்லையெனில் மட்டும் உருவாக்கவும் விதித்தால் இச்சுழல் அறுபடும். திரும்பும் செய்தி 'அழைத்தாயிற்று' என்ற குறிப்பைச் சேர்ப்பதோடு நிற்க வேண்டும். ஆணை கிடைத்ததா இல்லையா என்ற நிலையை அது மாற்றக் கூடாது. அழைத்தார் என்பது கருவிக்குத் தெரியும்; எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்பது அழைத்தவருக்கு மட்டுமே தெரியும்.

இணைப்பு யாருடைய கணக்கின் பெயரில் அனுமதி பெற்றிருக்கிறது என்பதும் தொடக்கத்திலேயே முடிவாக வேண்டியது. ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கில் கட்டப்பட்ட இணைப்பு, அவர் கடவுச்சொல்லை மாற்றினாலோ வேலையை விட்டாலோ ஓசையின்றி நின்றுபோகக்கூடும். பணிகள் வராததை வேலை குறைந்த வாரம் என்றே பட்டறை எடுத்துக்கொள்ளும். எனவே நிறுவனத்தின் பொதுக்கணக்கில் அனுமதி பெற்று, பிழை அறிவிப்பு அன்றாடம் திறக்கப்படும் கைப்பேசிக்கே வரும்படி செய்து, அதோடு ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் 'இணைப்பு உயிரோடிருக்கிறது' என்ற ஒற்றை வரிப் பணியைத் தானாக எழுப்பிவிடுவது இத்தொழிலில் பழகியவர்களின் வழக்கம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அந்த வரி வராவிட்டால், லேத்தை ஓட்டுவதற்கு முன் கணினியைத் திறந்து பார்க்க வேண்டும்.