பொன்னாடையும் முழங்காலும்

1/ போடி பக்கம் சிலமலை மாதிரி ஊர்கள்ல கபடிப் போட்டின்னா, பழைய ஆட்டக்காரங்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவாங்க. சின்ன விஷயம் இல்லைங்க அது.

2/ 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியிலதான் கபடி முதன்முதலா பதக்க விளையாட்டாச்சு. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசனுக்கு 1995-ல் அர்ஜுனா விருது. ஊர் மண்ணோட நின்னுபோன மத்தவங்களுக்கு அந்தப் பொன்னாடைதான் அர்ஜுனா விருது.

3/ டாக்டரா என் கண்ணு போறது அவங்க முழங்கால் மேல. காலை ஊன்றித் திரும்பறப்போ 'டப்'புன்னு ஒரு சத்தம், சில மணி நேரத்துல வீக்கம். ஏசிஎல்-ங்கற ஜவ்வு கிழிஞ்சிருக்கலாம்.

4/ வீக்கம் வத்தினதும் வலி குறைஞ்சிடும். அதுதான் ஆபத்து. எண்ணெய் போட்டு உருவிட்டு அடுத்த மேட்ச்சுக்கு இறங்கிடுவாங்க. பிடிமானம் இல்லாத மூட்டுல உள்ளே இருக்கற மெனிஸ்கஸும் கிழியும், சீக்கிரமே மூட்டு தேயும். ஏலத்தோட்டச் சரிவுல சுமையோட இறங்கறவருக்குக் கால் மடங்கினா கூலியும் போச்சு.

5/ அடிபட்டா ஆட்டத்தை நிறுத்துங்க. உருவாதீங்க. துணியில சுத்தின ஐஸ் 15-20 நிமிஷம் வைங்க, காலை உயர்த்தி வைங்க. எலும்பு டாக்டரைப் பாருங்க. எக்ஸ்ரே நார்மல்னா ஜவ்வு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. ஜவ்வு எக்ஸ்ரேயில தெரியாது.

6/ விழாக் கமிட்டி அண்ணன்மார்களே, பொன்னாடை கட்டாயம் போடுங்க. கூடவே மைதானத்துல ஒரு ஐஸ் பெட்டி, ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி. இன்னிக்கு ஆடற பசங்களுக்கு நாம செய்யற மரியாதை அதுதான்.