பட்டி, பிரைமர், இரண்டு கோட்

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரு பெயின்டர் கிடைப்பார். விடியுமுன் வாளியும் ரோலர் கம்புமாகக் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போகிறார்கள். பலர் லோக்கல் ரயிலேறிப் பொன்னேரி, மீஞ்சூர், அதையும் தாண்டிச் சென்னைக்குள் போகிறார்கள்.

நான் யாருடன் வேலைக்குப் போய்வந்தேனோ, அந்த மேஸ்திரி மன்னார்க்காரர். 1990இல் போர் மறுபடி மூண்டபோது சிறுவனாகப் படகேறி, மண்டபம் வழியாக இங்கே வந்தவர். தகப்பனுக்குக் கடல்தொழில். அவரோடு வந்தவர்களில் வயல் செய்தவர்கள் உண்டு, கடை வைத்திருந்தவர்கள் உண்டு. பெயின்ட் வேலையை ஊரிலிருந்து கொண்டுவந்தவர் யாருமில்லை. பிறகு எப்படி ஒரு முகாமே இந்தத் தொழிலுக்கு வந்தது? கட்டட வேலையில் சேர எந்தச் சான்றிதழும் காட்ட வேண்டாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மாதாமாதம் நடக்கும் கணக்கெடுப்பு. அன்று முகாமில் ஆள் இருந்தாக வேண்டும். அரசு தரும் பணக்கொடை அதைப் பொறுத்தது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று 2021இல் அதை உயர்த்தினார்கள். தினக்கூலி வேலையென்றால் கணக்கெடுப்பு நாளில் நிற்கலாம், மறுநாள் போகலாம். மாதச் சம்பள வேலை அதற்கு இடம் தராது.

கவரைப்பேட்டைக்கு அருகே ஒரு புது வீடு. மேஸ்திரி பெயின்ட் டப்பாவைத் தொடவே இல்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் பதித்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் பார்த்தால் தாளின் உட்புறம் முத்துமுத்தாகத் தண்ணீர். வீட்டுக்காரருக்குக் கிரகப்பிரவேச அவசரம். அவரிடம் "ஒரு வாரம் பொறுங்க சார்" என்று இந்த ஊர்ப் பேச்சில் சொன்ன மேஸ்திரி, என் பக்கம் திரும்பினார். "சுவர் இன்னும் தண்ணி விடுது தம்பி. இப்ப அடிச்சா மழைக்குப் பிறகு பப்படம் மாதிரி எழும்பும். பிறகு ஆருக்குக் கெட்ட பேர்?"

காய்ந்த பிறகும் நிறம் வந்துவிடவில்லை. முதலில் சுரண்டல். முகாமில் பையன்கள் தொழிலுக்குள் நுழைவது இந்தச் சுரண்டலில்தான். பிறகு சுவரை நனைத்துச் சிமெண்ட் பட்டி, காய்ந்ததும் மறு பட்டி, உப்புத்தாள், பிரைமர். உப்புத்தாள் தேய்த்ததும் மேஸ்திரி ஒரு பல்பைக் கையில் எடுத்து, சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தார். நேராகப் பார்த்தபோது வழுவழுவென்றிருந்த சுவரில் மேடும் பள்ளமும் நிழலாக எழுந்தன. ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு மறுபடி பட்டி பார்த்தார்கள். பெயின்டர் வேலையின் முக்கால் பங்கு, முடிந்த பிறகு கண்ணுக்கே தெரியாது. அதற்குக் கூலி கேட்டால்தான் வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். அது நியாயமில்லை.

நிறம் அடிக்கும் நாளில் இருவர் சேர்ந்து நின்றார்கள். ஒருவர் இரண்டு இஞ்ச் பிரஷ்ஷால் கூரையோரம் கட்டிங் இழுக்க, அந்த ஈரம் காயுமுன் மற்றவர் ரோலரோடு பின்னாலேயே வந்தார். ஓரம் காய்ந்துவிட்டால் இரட்டைக் கோடு விழும். எத்தனை கோட் அடித்தாலும் அதை மறைக்க முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி இழுத்த கோட்டில் ஒரு பிசிறு இல்லை. டேப் ஒட்டவில்லை, நூல் பிடிக்கவில்லை.

இப்போது கடையில் மெஷினே நிறம் கலந்து தருகிறது. மேஸ்திரி கற்றதோ ஸ்டெய்னர் சாயத்தைச் சொட்டுக் கணக்கில் கலப்பது. எமல்ஷன் ஈரத்தில் வெளுத்துத் தெரியும், காய்ந்தால் ஒரு படி அழுத்தமாகும். அதனால் வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே கையை நிறுத்த வேண்டும். நிற அட்டையில் இளசாகத் தெரிகிற பச்சை நான்கு சுவரிலும் ஏறியதும் கனத்துவிடும். அதையும் வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கும்போதே சொல்லிவிடுகிறார். அதற்கும் முந்திய காலம் சுண்ணாம்புக் காலம். கல் சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி, வெண்மை எடுக்கத் துளி நீலம் சேர்த்த நாட்களை அவர் சொல்லும்போது குரலில் தெம்பு கூடியது.

சிப்காட்டில் இரும்புக்கு அடிப்பது வேறு வித்தை. மணலும் இரும்புத் துகளும் பீய்ச்சித் துருவை எடுத்ததும் சுணங்காமல் பிரைமர் ஏற வேண்டும். பூச்சின் கனத்தை மைக்ரானில் அளக்கிறார்கள். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் வேலையை நிறுத்துவது அங்கே பொதுவான விதி. பழவேற்காட்டு ஏரியும் கடலும் அதிகத் தூரத்தில் இல்லாத ஊரில், வெயில் ஏறும்வரை பெயின்டர்கள் காத்துக் கிடக்கும் காலைகள் நிறைய.

உடம்புக்கு இது நல்ல தொழில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பெயின்டராக வேலை செய்வதையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 2017 நவம்பர் முதல் இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தொழிற்சாலை இரும்புக்கு அடிக்கும் பெயின்டை அந்த விதி கட்டுப்படுத்துவதில்லை. நான் பார்த்த பையன்கள் உப்புத்தாள் தேய்க்கும்போது முகத்தில் கட்டியிருந்தது வெறும் துண்டு. ஒரு நல்ல முகமூடியைக் காண்ட்ராக்டர் வாங்கித் தருவதற்கு என்ன தடை என்று எனக்குப் புரியவே இல்லை.

குழுவில் ஒரு தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர். பொன்னேரியில் பிறந்தவர், இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலிலும் இலங்கை இல்லை. நேர்முகத் தேர்வுவரை போய், ஆவணம் கேட்ட இடத்தில் திரும்பியிருக்கிறார். மெஷின்களோடு வேலை செய்யப் படித்தவர் ஆலையின் வெளிச்சுவரில் கயிற்று ஊஞ்சலில் தொங்குகிறார். இவர்களுக்குக் குடியுரிமை தர வேண்டும். இத்தனை தாமதத்துக்கு நியாயம் கிடையாது.

அந்தத் தம்பியின் கையில் தனியாக ஒரு திறமை உண்டு. இரும்புக் கதவைத் தேக்குக் கதவாக்கிவிடுவார். வெளிர் மஞ்சள் எனாமலைக் காயவிட்டு, மேலே தின்னர் கூடிய பழுப்பைப் பூசி, அது காயுமுன் ரப்பர் சீப்பாலும் உலர்ந்த பிரஷ்ஷாலும் இழுக்கிறார். ரேகை ஓடுகிற இடத்தில் மணிக்கட்டை மெல்லத் திருப்பினால் மரத்தில் கணு விழுகிறது. இரண்டு கதவில் ஒரே கணு வராமல் பார்த்துக்கொள்கிறார்.

அந்தக் கணுவைப் பார்த்ததும் எனக்கு ஒரு கதை நினைவுக்கு வந்தது. சென்னையின் தென்பகுதியில் உள்ள ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தன் மாணவர்களோடு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கதையைத் தம்பியிடம் சொன்னேன். அந்த ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். கைத்தொழில் சோறு போட, படம் வரைந்தார்கள். தம்பி கேட்ட முதல் கேள்வி, "கேன்வாசுக்கு என்ன பிரைமர்?" என்பதுதான். பழைய முறையில் சாக் பவுடரும் பசையும் கலந்து பூசித் தேய்ப்பார்கள் என்றேன். "அப்ப எங்கட பட்டிதானே" என்றவர், எத்தனை கோட், நடுவில் எந்த நம்பர் உப்புத்தாள் என்று கேட்கத் தொடங்கினார்.